இரண்டு நாள் கழற்றாமல் விட்ட பெயர்ப்பலகை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. வரி போட்ட தாளில் எழுதினாலும் வரி ஒரு பக்கம் போகும், எழுத்து ஒரு பக்கம் போகும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் ஐம்பத்தெட்டு வயதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தை மட்டும் திருத்து, நடந்ததைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நாவலூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி ஆளாக இல்லை. அங்கே வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரின் ஆளாக. கதவு, பூட்டு, நாற்காலி, சுவரில் மாட்டுவது, சுவரிலிருந்து கழற்றுவது எல்லாம் என் பொறுப்பு. மெயின்டனன்ஸ் என்பார்கள். போன வருடம் ஓய்வு பெற்றேன்.

போன மாதம் சகாயம் போன் செய்தான். என்னோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன், இப்போது என் இடத்தில் இருக்கிறான்.

"அண்ணாத்த, டிவி பாத்தியா? கம்பெனில மேல கீறவங்க மூணு பேரு ஒண்ணா ராஜினாமாவாம். இங்க ஒருத்தனும் சீட்ல குந்த மாட்டேன்றான். எல்லாம் டீ மெஷின்கிட்டயே நின்னுகினு கீறானுங்க."

"போர்டு கழட்டணுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் எங்க போர்டு கீது? கதவாண்ட குட்டி டிவி மாதிரி ஒண்ணு வச்சிட்டாங்க. ஆளு போனா பேரு அதுவா போயிடுது. நமக்கு வேலையே இல்ல."

பெயர் தானாகப் போய்விடுகிறது என்று அவன் சொன்னது எனக்கு என்னவோ போல இருந்தது. நாங்கள் அதைக் கையால் கழற்றிய காலத்தில் ஒருமுறை நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். அதைச் சகாயத்திடம் மறுபடி சொல்ல ஆரம்பித்தேன். "நீ வாயால சொன்னா பாதில தரையப் பாக்க ஆரம்பிச்சிடுவ. எழுதிக் குடு, முழுசா வரும்" என்றான். எனக்கு ஆட்களிடம் பேச வராது. அது உண்மைதான். அதனால் எழுதுகிறேன்.

வேலை கற்ற கதை பெரிதில்லை. எங்கள் ஊர் திருப்போரூருக்குப் பக்கம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ரோடு அகலமாகி எல்லோரும் நிலம் விற்றபோது விற்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. நான் கேளம்பாக்கத்தில் தச்சுப் பட்டறையில் இருந்தேன். படூரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு மாட்டினேன். நூல் பிடிக்காமலே ஒரு கதவு நேராக நிற்கிறதா இல்லையா என்று சொல்லும் கண் வந்தது. அந்தக் கண்ணை வைத்துத்தான் கம்பெனிக்குள் வந்தேன்.

எங்களுக்கு மேலாளர் இராமநாதன் சார். அணுசக்தித் துறை ஊழியர்கள் இருக்கும் அணுபுரம் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்று, சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்தவர். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அவருக்குப் பட்டியல் வேண்டும். இரண்டு பேர் இருக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டியூப்லைட் மாற்றுவதற்கும் அப்படித்தான். குரல் உயராது. தரை துடைக்கிறவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் இரண்டு காம்பையும் மடக்கி, மேசைமேல் வைப்பார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

பெரிய அதிகாரிகளின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் எஃகுத் தகட்டில் பெயர் வெட்டிய பலகை இருக்கும். இரண்டு திருகு. எல் எழுத்துப் போல வளைந்த சின்னச் சாவியால் திருக வேண்டும், எல்-கீ என்போம். நான் முதன்முதலில் கழற்றிய பலகை கணக்குப் பிரிவுத் தலைவருடையது. அவர் வேலையை விடுகிறார், போர்டை எடுத்துவிடுங்கள் என்று தகவல் வந்தது. போய்க் கழற்ற ஆரம்பித்தேன். ஒரு திருகு கையில் வந்துவிட்டது. பலகை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. கதவு திறந்து அவரே வெளியே வந்தார். உள்ளேதான் இருந்திருக்கிறார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் தொங்கிய பலகையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "ம், அடுத்ததையும் எடுங்க" என்றார். தன் பெயரைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டாவது திருகு வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும்.

இராமநாதன் சார் அன்றைக்குக் கண்ணாடியை மடித்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து, பலகை கழற்றுவதற்கு என்று ஒரு நடைமுறை எழுதினார். பிறகு எத்தனையோ பேர் போனார்கள், எல்லோருக்கும் அந்த முறைதான். எல்லோருக்கும் மெயில் போன பிறகே பலகையைத் தொடலாம். அந்த ஆள் கட்டடத்தில் இருக்கும்போது தொடக்கூடாது. கழற்றியதைத் துணியில் சுற்ற வேண்டும், பெயர் உள்பக்கம் இருக்க வேண்டும். சுவரில் ஓட்டை தெரியாதபடி அந்த நிமிடமே வெறும் தகடு மாட்ட வேண்டும். பலகையைக் கழற்றிய பிறகுதான் அறைக்குள் கால் வைக்கலாம். பெயர் வெளியே இருக்கும் வரைக்கும் அறை அவருடையது, உள்ளே ஒரு குண்டூசியைக்கூடத் தொடக்கூடாது.

உள்ளே போன பிறகு சொந்தப் பொருள்களைப் பெட்டியில் போட்டுப் பட்டியல் எழுத வேண்டும். நான் தமிழில் எழுத அனுமதி கொடுத்தார். சாமி படம் 1, சார்ஜர் 2, ஷூ ஒரு ஜோடி என்று எழுதுவேன். மேசைமேல் கிடக்கும் தாள்கள் மட்டும் பட்டியலில் வராது. அவை ரகசியம். அப்படியே சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அன்றைக்கே கிழிக்கிற மெஷினுக்கு. எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதால்தான் அந்த வேலை எங்களுக்கு வந்தது.

சில வருடத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. நான் கருவிப் பையோடு லிப்டில் ஏறினால், எந்த மாடி பட்டனை அழுத்துகிறேன் என்று பார்ப்பார்கள். "அண்ணா, இன்னைக்கு யாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் கண்ணில் சிரிப்பு இருக்காது. இராமநாதன் சாருக்கு இது தெரிந்ததும், இனிமேல் தினமும் அந்தப் பையை எல்லா மாடிக்கும் எடுத்துக்கொண்டு போங்க என்றார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதன் பிறகு என்னைப் பார்த்து யாரும் எதையும் கணக்குப் போட முடியவில்லை. நான் சொல்லப்போகிற வாரம் வரைக்கும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வெளிநாட்டுத் தலைமையகத்தில் ஒரு பெரிய அதிகாரி விலகினார். வியாழக்கிழமை இன்னொருவர். கேன்டீன் டிவியில் அவர்கள் படத்தைக் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கட்டடத்துக்கே தலைவரான சந்தானம் சாரும் விலகிவிட்டார் என்று மெயில் வந்தது. மீட்டிங்குக்கென்று வெளிநாடு போனவர். இனி இந்த அறைக்குத் திரும்ப மாட்டார். அவர் இடத்தில் தற்காலிகமாக லீனா மேடம். கோயம்புத்தூர்க்காரர், அதே நான்காவது மாடியில் இன்ஜினியர்களுக்குத் தலைவர்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் வேறு மாதிரி இருந்தது. தட்டு சத்தமே அதிகம் கேட்டது. எனக்குப் பின்னால் இருந்த மேசையில் ஒரு பையன், "மேல இருக்கிறவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றான். இன்னொருவர், "போன மாசம்தான் குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து படூர்ல வீடு புடிச்சேன்" என்றார். சகாயம் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாரு போனாலும் கதவு கீல் கிர்ருனு சத்தம் போடும் அண்ணாத்த. நாம கீறோம்" என்றான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு அந்த மெயில் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. அவள் மேரி. நான்காவது மாடியைச் சுத்தம் செய்கிறவள். பதினோரு வருடம். பன்னிரண்டாவது படித்திருந்தாள், அதற்கு மேல் வீட்டில் விடவில்லை. சந்தானம் சார் முந்தைய வருடம் ஒரு காரியம் ஆரம்பித்திருந்தார். சுத்தம் செய்கிறவர்கள், வாட்ச்மேன்கள் யாராவது விரும்பினால், வேலை முடிந்து தினமும் இரண்டு மணி நேரம் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் கற்றுக்கொள்ளலாம். புது மெஷின்களைச் சந்தைக்கு அனுப்பும் முன் ஒவ்வொன்றாகச் சோதிக்கிற வேலை. தேறினால் கான்ட்ராக்டர் ஆள் இல்லை, கம்பெனி ஆள். ஆறு பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசி வரை போய்த் தேறியது மேரி ஒருத்திதான். வேலை உத்தரவில் சந்தானம் சார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அன்று நாலு மணிக்கு என் ஸ்டோர் ரூமுக்கு வந்தாள்.

"அண்ணே, சாரு போர்டை எப்ப கழட்டுவ?"

"திங்கக்கிழமை காலைல."

"கழட்டாத."

நான் கையில் இருந்த திருகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் பேப்பரு அவரு மேசை மேலதான் கீது. போன திங்கக்கிழமை மேசை தொடைக்கும்போது பாத்தேன். படிக்கல, சாமி சத்தியமா படிக்கல. மேல என் போட்டோ ஒட்டிகினு கீது. என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"எச்ஆர்ல கேட்டியா?"

"கேட்டேன். இப்ப எதுவும் கேக்காதீங்க, எங்களுக்கே ஒண்ணும் தெரியலன்னுட்டாங்க. இந்த மாசத்துக்குள்ள உத்தரவு ஆகலன்னா நான் தேறினது செல்லாதாம். திரும்ப முதல்ல இருந்து. யாரு திரும்ப நடத்துவாங்க? நடத்தினவரே போயிட்டாரு." என் கருவிப் பையைப் பார்த்தாள். "நீ போர்டு கழட்டினா ரூம்புக்குள்ள போவ. போனா சாக்கு எடுப்ப. எட்டு மாசம் மாப்பை வச்சிட்டு லேபுக்கு ஓடினேன் அண்ணே. எல்லாம் சாக்குல போயிடும்."

அவள் சொன்னது எங்கள் முறைப்படி சரிதான். பலகை இறங்கினால் அறை. அறை என்றால் சாக்கு. நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எதைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது நினைத்தால் வழி எளிது. இராமநாதன் சாரிடம் போய், அந்த மேசையில் மேரியின் தாள் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேசையில் என்ன தாள் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தது என்று சொன்னால் மேரி பார்த்தாள் என்று ஆகும், அவளுக்கு இருக்கிற வேலையும் போகும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரி, "இன்னா, தனியாப் பேசிகினு கீற" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை காலை சகாயத்தோடு நான்காவது மாடிக்குப் போனேன். மெயில் போயிருந்தது, ஆளும் கட்டடத்தில் இல்லை. எல்லா விதியும் சரி. எல்-கீயைத் திருகில் வைத்து அரைச் சுற்று திருப்பினேன். பிறகு அதே அரைச் சுற்றைத் திரும்ப இறுக்கினேன். துணியை மடித்துப் பையில் போட்டேன்.

"இன்னா அண்ணாத்த?"

"நாளைக்குப் பாக்கலாம்."

சகாயம் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். "போர்டுக்கு வெள்ளிக்கிழமை பூஜை போட்டு அப்புறம் கழட்டப் போறியா?" என்றான். நான் லிப்டுக்கு நடந்தேன். பத்தொன்பது வருடத்தில் சொன்ன வேலையைச் செய்யாமல் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

நான் நினைத்தது ஒரு தாளை. என் கை எதைச் செய்தாலும் அந்த மாடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டேன்.

பதினோரு மணிக்குப் பேச்சு ஆரம்பித்தது. பையோடு வந்தான், பலகை வரை போனான், கழற்றாமல் திரும்பினான். அப்படியானால் சார் போகவில்லை. மதியத்துக்குள் சார் ராஜினாமாவை வாபஸ் வாங்கிவிட்டார் என்றானது. சாயங்காலத்துக்குள் அவர் திரும்பி வருகிற விமானம் எதுவென்றுகூடச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமையும் நான் அதைத் தொடவில்லை. புதன்கிழமை காலை போய்ப் பார்த்தபோது, பலகையைச் சுற்றிச் சுவரில் மஞ்சள் துண்டுத் தாள்களாக ஒட்டியிருந்தார்கள். வெல்கம் பேக் சார் என்று எழுதியிருப்பதாக ஒரு பெண் எனக்குப் படித்துக் காட்டினாள். சிலர் பலகையைப் போட்டோ எடுத்தார்கள். நான்கு நாளாகச் செத்த முகத்தோடு இருந்த பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அதைப் பார்த்தும் நான் பையைத் திறக்காமல் ஓரமாக நின்றேன்.

அப்போது லீனா மேடம் அந்த வழியாக வந்தார். துண்டுத் தாள்களைப் பார்த்து நின்றார். ஒன்றை அருகில் போய்ப் படித்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த இடத்துக்கு வரப்போகிறவர் அவர் என்பதை அந்த இரண்டு நாளில் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வேறொருவர் வருகைக்கு அவர் கண்ணெதிரே வரவேற்பு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அது என்னால்.

பத்தரை மணிக்கு இராமநாதன் சார் கூப்பிட்டார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"வெளிநாட்டுல இருந்து போன் வந்துச்சு, ஏழுமலை. போர்டு இன்னும் ஏன் இருக்குன்னு கேக்கறாங்க. ஒரு போர்டைப் பத்தி அவ்வளவு தூரத்துல இருந்து போன் வரும்னு நான் நினைக்கல. ஏன் இருக்கு?"

"எல்-கீ கிடைக்கல சார்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். தன்னுடைய எல்-கீ கொத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "இப்ப கிடைச்சிருச்சு" என்றார்.

நான் எடுக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காம்பை மடித்தார். இன்னொரு காம்பை மடிப்பதற்குள் எனக்கு வாய் திறந்துவிட்டது. சனி, ஞாயிறு சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. மேசைமேல் மேரி பேப்பர் இருக்கிறது, சாக்கில் போய்விடும், அவள் படிக்கவில்லை, போட்டோ மேலே இருந்தது, அவளை ஒன்றும் செய்யாதீர்கள், தப்பு என்னுடையது என்று தலைகீழாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு அரை நிமிஷம் ஆச்சு. ரெண்டு நாள் ஏன் சொல்லல?"

"பயம் சார்."

"என்கிட்டயா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் எல்-கீ கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு எழுந்து, "வாங்க" என்றார்.

நான்காவது மாடியில் முதலில் லீனா மேடம் அறைக்குப் போனோம். இராமநாதன் சார் விஷயத்தைச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். மேடம் என்னைப் பார்த்து, "அந்த போர்டு நீங்க விட்டதாலதான் இவ்வளவுமா?" என்றார். ஆமாம் மேடம் என்றேன். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் இறங்கியது. கோபம் இல்லை. "நான் வேற என்னென்னமோ நினைச்சிட்டேன்" என்றார்.

முறைப்படி பலகை முதலில். அதைக் கழற்றியே ஆக வேண்டும். அறைக்கு வெளியே முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். நான் பையைத் திறந்ததும் ஒரு பையன் கேட்டான், "அண்ணா, சார் வராரா, வரலையா?"

அவனைப் பார்த்துச் சொன்னேன். "வரல தம்பி. போயிட்டாரு. நான்தான் லேட்டு."

துண்டுத் தாள்களை ஒட்டிய பிள்ளைகளே வந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நான் இரண்டு திருகையும் எடுத்தேன். பெயர் உள்பக்கமாகத் துணியில் சுற்றினேன். வெறும் தகட்டை மாட்டினேன். பிறகு நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம்.

மேரியின் தாள் ஒரு கோப்புக்கு அடியில் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலி. பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. மேடம் படித்துச் சொன்னார். லேபில் ஷிஃப்ட் மாறி மாறி வரும், இவங்களால முடியுமா, நேரில் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாராம். கேட்பதற்குள் பயணம் போய்விட்டார். நான் அந்தப் பலகையை இரண்டு மாதம் கழற்றாமல் வைத்திருந்தாலும் அந்தக் கையெழுத்து வந்திருக்காது. யாராவது ஒருவர் மேரியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

மேடம் கூப்பிட்டார். மேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உக்காருங்க மேரி."

"பரவால்ல மேடம்."

"நீங்க உக்காரலைன்னா நானும் நிக்கணும்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"லேப்ல ரொம்ப நேரம் நிக்கணும். ஷிஃப்ட் மாறும், சில நாள் ராத்திரி வேலை. முடியுங்களா?"

மேரி என்னைப் பார்த்தாள், இராமநாதன் சாரைப் பார்த்தாள். பிறகு மேடத்தை நேராகப் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா இந்த மாடிய நின்னுகினுதான் மேடம் கழுவுறேன். மாசத்துல பத்து நாளு ராத்திரியும் வந்துகினுதான் கீறேன். அதுக்கு முடியுமான்னு யாரும் கேட்டதில்ல."

இராமநாதன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பென்சில் எழுத்துக்குக் கீழே பேனாவால் எழுதினார். என்ன எழுதினார் என்று மேரியே படித்து எனக்குப் பிறகு சொன்னாள். 'கேட்டேன். முடியும்.'

"நான் தற்காலிகம்தான். எத்தனை நாள் இருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றார் மேடம். "நான் மட்டும் கையெழுத்துப் போட்டா செல்லாது, மேல அனுப்பணும். ஆனா இது இனி யார் மேசையிலயும் ஒரு நாள்கூட கிடக்கக் கூடாது." எங்கள் எதிரிலேயே ஸ்கேன் செய்து அனுப்பினார்.

கீழே வந்ததும் இராமநாதன் சார் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஏன் கழற்றவில்லை என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். தப்பு தப்புதான் என்றார். நாலு வரி எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. தாள் கிழிபடும் என்று பயந்தேன், சொல்லவும் பயந்தேன் என்று எழுதினேன். அவர் எதையும் திருத்தாமல் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு தன் பழைய பட்டியலை எடுத்து, சாக்கு என்ற வரிக்கு மேலே ஒரு வரி சேர்த்தார். தாளைச் சாக்கில் போடும் முன், படிக்கத் தெரிந்த எச்ஆர் ஆள் ஒருவர் வந்து, முடியாத காரியம் எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது என்று சகாயம் சொன்னான்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மேரிக்கு உத்தரவு வந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் பிரிவு ஆட்கள் எல்லாம் வேன் பிடித்து மாமல்லபுரம் போனோம். மேரி ஜெபம் முடித்துவிட்டு வழியில் ஏறிக்கொண்டாள். கடற்கரையில் இராமநாதன் சார் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு கால் நனைத்தார். தண்ணீரில் இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை எங்கள் தலையை எண்ணினார். "கையெழுத்துப் போடணுமா சார்?" என்றான் சகாயம். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்பது மாதம் கழித்து, அதற்குள் நிரந்தரத் தலைவராகிவிட்ட லீனா மேடமும் வேலையை விடுகிறார் என்று ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மறுபடியும் டீ மெஷினைச் சுற்றிக் கூட்டம். மறுபடியும் அடுத்தது யார் என்ற பேச்சு. மேரியின் வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்று தேடிக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனேன். அவள் அங்கே இல்லை. நான்காவது மாடிக்கு ஏறிப் போனால், லிப்டில் இருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் ஒரு கோப்பு. பின்னால் கேன்டீனில் வேலை செய்யும் சுமதியும் பவானியும். இரண்டாவது தடவை நடந்த பயிற்சியில் தேறியவர்கள்.

"மேடம் போறாங்களாமே மேரி" என்றேன்.

"ஆமா. அதான் வந்தேன். ரெண்டு பேரு பேப்பரும் ரெடி."

"இந்த நேரத்துல போய்க் கேக்கறதா?"

"வேற எந்த நேரத்துல அண்ணே கேக்கறது?"

கதவைத் தட்டி உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். இருபது நிமிடம் ஆனது. சுமதி முதலில் வந்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். பவானி கையெழுத்தான தாளை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். மேரி கடைசியாக வந்து, சோதனைக்கூடத்தில் மெஷின்கள் காத்திருக்கின்றன என்று வேகமாக நடந்தாள். டீ மெஷினைத் தாண்டும்போது ஒரு பெண் அவளை நிறுத்தினாள். நன்றாகப் படித்த பெண். கையில் கப் ஆறிப்போயிருந்தது.

"அக்கா, மேடமும் போறாங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இன்னிக்கி செவ்வாக்கிழமைதான்மா" என்றாள் மேரி. "வெள்ளிக்கிழமை வரைக்கும் மேடம் அங்கதான் கீறாங்க. உனக்கு எதுனா பாக்கி இருந்தா போய்க் கேளு."

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேடம் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கப்பைக் கீழே வைத்துவிட்டு மேடம் அறையை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

எழுத ஆரம்பித்தது ஆடியில். எழுதி முடித்தது ஆவணி மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை.